கவரைத் திறந்து பார்த்து "பெல்ட் புதுசு மாதிரி இருக்கு" என்றால் நம்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 2015 மாடல் ரெனோ டஸ்டர், 85 பிஎஸ் டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். மீட்டரில் 64,000 கி.மீ. பழைய ஓனரிடம் சர்வீஸ் பில் எதுவும் இல்லாததால், டைமிங் பெல்ட்டை (பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளை இயக்கும் பல் வைத்த பெல்ட்) எப்போது மாற்றுவது என்று விசாரித்திருக்கிறீர்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் "லட்சம் ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். இன்னொருவர் உடனே மாற்றச் சொன்னார். மூன்றாமவர் மேல் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பெல்ட் புதுசு மாதிரி இருக்கு, பயமே வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்பது மேலோட்டமான கேள்விதான். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கா, வருஷக் கணக்கா? கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியுமா? அறுவதற்கு முன் ஏதாவது அறிகுறி காட்டுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாமவர் சொன்னதுதான் சரி, மாற்றிவிடுங்கள். மூன்றாமவர் சோம்பேறித்தனமாகப் பேசவில்லை, பார்த்துத்தான் சொன்னார். ஆனால் பார்ப்பதால் இந்தப் பெல்ட்டைப் பற்றித் தெரியவருவது பாதிதான். வெடிப்போ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் "இது கெட்டுவிட்டது" என்று உறுதியாகச் சொல்லலாம். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்று தெரிய, பெல்ட் எதனால் ஆனது, எங்கே தேய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது கே9கே என்னும் 1.5 லிட்டர் டிசிஐ இன்ஜின். டஸ்டரின் 85, 110 பிஎஸ் டீசல்கள் இரண்டுக்கும், நிஸானின் டெரானோ, சன்னி, மைக்ரா டீசல்களுக்கும், மஹிந்திரா வெரிட்டோ டீசலுக்கும் இதே குடும்பம்தான். இதில் டைமிங் பெல்ட், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க்கிலிருந்து கிளம்பி மூன்று வேலை செய்கிறது. மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது, டீசலை அதிக அழுத்தத்தில் தள்ளும் பம்ப்பைச் சுற்றுகிறது, வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. 2,000 ஆர்பிஎம்மில் வண்டி போகிறது என்றால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,000 முறை இறங்கி ஏறுகிறது. டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பாகம்) பிஸ்டனுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. வால்வு திறந்து நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் மோதாமல் தப்பிக்க இடமே கிடையாது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் வண்டியின் வேகத்தில் இன்னும் பல சுற்றுச் சுற்றும். வால்வுகள் வளையும். சில சமயம் கேம்ஷாஃப்ட்டே முறியும், பிஸ்டன் தலையில் குழி விழும். ஹெட்டை இறக்காமல் அந்த வேலை முடியாது. பெல்ட் மாற்றும் செலவோடு அதை ஒப்பிடவே கூடாது, பல மடங்கு.

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். வெறும் ரப்பர் இழுவையைத் தாங்காது. உள்ளே நீளவாக்கில் ஓடும் கண்ணாடியிழை நூல்கள்தான் தாங்குகின்றன. அதன் மேல் ரப்பர், பல் இருக்கும் பக்கத்தில் தேய்மானத்துக்காக நைலான் துணி. முப்பது, நாற்பது வருஷத்துக்கு முந்தைய பெல்ட்டுகளில் குளோரோபிரீன் ரப்பர் இருந்தது. அது வயதானால் முதுகிலும் பல் அடியிலும் வெடிக்கும், கண்ணுக்குத் தெரியும். "பெல்ட்டை மடக்கிப் பார், வெடிப்பு இருந்தால் மாற்று" என்ற பழக்கம் அந்தக் காலத்தில் வந்தது. அப்போது அது சரியான பழக்கம்தான். பின்னால் வந்தது எச்என்பிஆர் என்னும் ரப்பர். சூட்டையும் எண்ணெய்ப் புகையையும் அதைவிட நன்றாகத் தாங்கும், எளிதில் வெடிக்காது. ஆயுள் கூடியது, ஆனால் கூடவே முன்னறிவிப்பு போய்விட்டது. முதுகு கறுப்பாக, வழவழப்பாக இருக்கும்போதே உள்ளே நூல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்து பலவீனமாகிக்கொண்டிருக்கும். நூலை எந்த டார்ச் அடித்தாலும் பார்க்க முடியாது. இன்னொன்று, அதிக சுமை விழுவது கீழே கிராங்க்கின் சின்னப் பல்சக்கரத்தில். அங்கேதான் ஒரே நேரத்தில் மிகக் குறைந்த பற்கள் பிடித்திருக்கும், பெல்ட் மிகக் கூர்மையாக வளையும். மேல் கவரைக் கழற்றினால் தெரிவது கேம் பக்கத்து இரண்டு சாண் நீளம் மட்டும். இன்ஜினைக் கையால் சுற்றி முழு நீளத்தையும் மேலே வரவைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

கண்ணால் பார்த்து "கெட்டது" என்று முடிவு செய்ய உதவும் அடையாளங்கள் சில உண்டு. பெல்ட்டின் ஓரம் பிசிறு பிசிறாக நிற்பது, பல் மேல் துணி தேய்ந்து கீழே ரப்பர் தெரிவது, பல் அடியில் நகம் வைத்தால் பிளவு தட்டுப்படுவது, முதுகு கண்ணாடிபோல் பளபளத்து நகத்தால் அழுத்தினால் தடமே விழாத அளவுக்கு இறுகிப்போயிருப்பது, எந்த இடத்திலாவது எண்ணெய் ஊறிப் பெல்ட் உப்பியிருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு வேலை பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால், ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது.

கிலோமீட்டரா வருஷமா என்ற கேள்விக்கு, இரண்டும்தான், எது முந்துகிறதோ அது. வண்டியோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்: இத்தனை கி.மீ. அல்லது இத்தனை வருஷம். ஒர்க்‌ஷாப்பில் முதல் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். "லட்சம் ஓடட்டும்" என்ற பேச்சு அப்படி வந்ததுதான். வருஷத்துக்கு இருபதாயிரம் ஓட்டுகிறவருக்கு லட்சம் ஐந்து வருஷத்தில் வந்துவிடும், அவருக்கு அந்தப் பேச்சு பொருந்தும். உங்கள் வண்டி 2015. அதில் இருப்பது கம்பெனியில் போட்ட முதல் பெல்ட் என்றால், மீட்டரில் எது காட்டினாலும் அதன் வயது பத்து வருஷத்தைத் தொட்டாயிற்று. ரப்பர் ஓடாமல் நின்றாலும் இறுகும். மீட்டரில் காட்டும் 64,000 உண்மையா என்பதையும் நீங்களோ நானோ இங்கிருந்து சரிபார்க்க முடியாது. மீட்டரைக் குறைத்து விற்பது நம் பழைய வண்டிச் சந்தையில் புதிதில்லை. வருஷத்தை அப்படிக் குறைக்க முடியாது, ஆர்சியில் மாதத்தோடு இருக்கிறது.

அட்டவணை எண்கள் இன்ஜினுக்கு இன்ஜின் மட்டுமல்ல, ஒரே இன்ஜினுக்கு நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் யாராவது ஐரோப்பிய அட்டவணையைக் காட்டி "அங்கே இவ்வளவு தூரம் விடுகிறார்கள்" என்றால் அதை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே அதே வண்டி வருஷம் முழுக்க நாற்பது டிகிரி வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்துக்குள் சராசரி வேகம் 25 கி.மீ. என்றால் 60,000 கி.மீ. ஓட இன்ஜின் 2,400 மணி நேரம் வேலை செய்திருக்கும். நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் அதே 2,400 மணி நேரத்தில் வண்டி 1,44,000 கி.மீ. போயிருக்கும். ஐட்லிங்கில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பெல்ட் மடங்கும் எண்ணிக்கை குறைவு, அதனால் இந்த இரண்டு வண்டிகளுக்கும் தேய்மானம் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் பானட்டுக்குள் வெந்துகொண்டிருந்த நேரம் ஒன்றுதான்.

இது என் மதிப்பீடு, அட்டவணை அல்ல: தமிழ்நாட்டில் ஓடும் டீசல் காருக்கு, பெல்ட் ஆயிலுக்குள் அல்லாமல் வெளியே காற்றில் ஓடும் வகையாக இருந்தால், கையேட்டில் எவ்வளவு தாராளமாகப் போட்டிருந்தாலும் 80,000 கி.மீ. அல்லது ஆறு வருஷத்துக்கு மேல் நான் விட மாட்டேன். கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேடு சொல்வதுதான். ஆறு என்பதை ஏழாக்கினால் உடனே அறுந்துவிடுமா என்றால், தெரியாது. எவராலும் சொல்ல முடியாது. ஒரு லட்சத்து இருபதாயிரம் தாண்டி ஓடிய பெல்ட்டும் உண்டு, வாட்டர் பம்ப் இறுகியதால் அதில் பாதி தூரத்தில் பல் உதிர்ந்த பெல்ட்டும் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டி, கல்குவாரிப் பாதையில் தினமும் போகும் வண்டி, கவர் உடைந்தோ போல்ட் இல்லாமலோ ஓடும் வண்டி, இவற்றுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. சக்கரத்தின் நடு உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நின்றிருந்தால் கவருக்குள் சேறு போயிருக்கும், பேரிங் கிரீஸ் கெட்டிருக்கும். பெல்ட் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தாலும் திறந்தாக வேண்டும்.

அறிகுறி காட்டுமா என்பதுதான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீச்" என்று கத்துவது டைமிங் பெல்ட் அல்ல. அது வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர், ஏசி பெல்ட். நாம் பழக்கத்தில் ஃபேன் பெல்ட் என்போமே, அது. அது வழுக்கும்போது கத்தும். டைமிங் பெல்ட் பல்லோடு பல் பொருந்தி ஓடுவது, வழுக்க வழியில்லை, எனவே கத்தவும் வழியில்லை. டைமிங் பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் அது பெரும்பாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் அல்லது வாட்டர் பம்ப் பேரிங்கின் "ஙொய்" என்ற முனகல், ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும். இது நல்ல எச்சரிக்கை, அலட்சியம் செய்யாதீர்கள். பம்ப் பக்கத்தில் கூலன்ட் கசிந்து காய்ந்த உப்புத்தடம், மாதாமாதம் கூலன்ட் கொஞ்சம் குறைவது, கவரின் அடியில் ஆயில் ஈரம் ஆகியவையும் எச்சரிக்கைதான். பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் ஆக அதிக நேரம் எடுக்கும், இழுவை குறையும், ஸ்கேனரில் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற பி0016 போன்ற பிழைக் குறியீடு வரலாம். ஆனால் இவை எதுவுமே இல்லாமல், நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று மூன்றாவது கியரில் சட்டென்று அணைந்துபோவதுதான் அதிகம். சில டொயோட்டா 2.5 டி-4டி டீசல்களில் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். அதைப் பார்த்துப் பலர் வண்டி பெல்ட்டைச் சோதித்துச் சொல்கிறது என்று நினைக்கிறார்கள். அது கிலோமீட்டரை எண்ணும் விளக்கு, அவ்வளவுதான். பெல்ட்டின் நிலையைப் பார்க்கும் சென்சார் எதுவும் அங்கே இல்லை.

டஸ்டர் அல்லாத வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. எல்லா வண்டியிலும் பெல்ட் கிடையாது. ஸ்விஃப்ட், டிசையர்களின் 1.3 டீசல், மாருதியின் கே வரிசைப் பெட்ரோல்கள், இன்னோவா கிரிஸ்டா 2.4, ஸ்கார்ப்பியோவின் எம்ஹாக், இவையெல்லாம் செயின். பழைய இன்னோவா 2.5, போலோ, வென்ட்டோ, ரேபிட் டீசல்கள், ஃபோர்டு 1.4, 1.5 டீசல்கள், ஹாரியர், காம்பஸ், ஹெக்டர்களின் 2 லிட்டர் டீசல், மாருதி 800, ஆம்னி, சான்ட்ரோ ஜிங், இவை பெல்ட். ஒரே பெயரில் இரண்டும் வரும்: 796 சிசி ஆல்ட்டோ பெல்ட், கே10 செயின். ஐ10 1.1 பெல்ட், 1.2 செயின். இன்ஜினின் பக்கத்தில் கிளிப்பும் சின்ன போல்ட்டும் போட்ட பிளாஸ்டிக் கவர் இருந்தால் பெல்ட், எண்ணெய் கசியாமல் ஒட்டிய உலோகக் கவர் இருந்தால் செயின் என்று பொதுவாகச் சொல்லலாம். இதற்கும் விலக்கு உண்டு. ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 ஈக்கோபூஸ்ட் போன்றவற்றில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே தவறான கிரேடு ஆயில் ஊற்றினாலோ ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டாலோ ரப்பர் துகள் துகளாக உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். அது தனிக் கதை, இந்தப் பதிலின் கணக்குகளை அதற்குப் பொருத்தாதீர்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவானபின் எதையெல்லாம் மாற்றுவது? பெல்ட் மட்டும் போட்டுக்கொடுக்கச் சொல்லிப் பணம் மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் நஷ்டமான மிச்சம். கூலியில் பெரும்பகுதி திறப்பதற்கும் மூடுவதற்கும்தான். உங்கள் இன்ஜினில் டென்ஷனர் கட்டாயம். அதற்குள் இருக்கும் பேரிங்கின் கிரீஸும் பெல்ட்டின் வயதுதான். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடுவதால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பம்ப் அடுத்த வருஷம் கசிந்தால் புதுப் பெல்ட்டில் கூலன்ட் படும், அல்லது பேரிங் இறுகிப் பல்லை உதிர்க்கும். எப்படியும் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றும் சேர்ந்த கிட்டாகவே கிடைக்கிறது. ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் சின்னச் சக்கரம்) உள்ள இன்ஜின்களில் அதுவும் சேரும். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். காய்ந்து சுத்தமாக இருக்கும் சீலை வீணாகக் குத்தி எடுப்பதில் ஷாஃப்ட்டில் கீறல் விழும் அபாயம் இருக்கிறது. இந்த விஷயத்தில் மெக்கானிக்குகளிடையே கருத்து வேறுபாடு உண்டு, எல்லாவற்றையும் மாற்றிவிடும் தரப்பும் இருக்கிறது. நான் ஈரம் தெரிந்தால் மட்டும் மாற்றும் பக்கம்.

ஃபேன் பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். டஸ்டரில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. அந்தப் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லி, டைமிங் கவரை ஒட்டியே நிற்கிறது. பெல்ட் நைந்து ஓரத்திலிருந்து இழை பிரிந்தால், அந்த இழை புல்லிக்குப் பின்னால் சுருட்டிக்கொண்டு கவருக்குள் புகுந்து டைமிங் பெல்ட்டைத் தடம் மாற்றிவிடும். டைமிங் பெல்ட் நன்றாக இருந்தும் இன்ஜின் போவது இப்படித்தான். ரெனோ இன்ஜின்களில் தெரிந்த பிரச்சினை இது. டைமிங் வேலைக்கு எப்படியும் ஃபேன் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியதைத் திரும்பப் போடாமல் புதிது போடச் சொல்லுங்கள். அதன் டென்ஷனரைக் கையால் சுற்றிப் பார்த்து, கரகரத்தால் அதையும் மாற்றுங்கள்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுப்பது எளிது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், காலையில் விட்டு மாலையில் எடுங்கள். வலது முன்சக்கரமும் உள் மட்கார்டும் கழறும். ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு வலது பக்க இன்ஜின் மவுண்ட்டைக் கழற்றுவார்கள். பிறகுதான் முக்கியமான இடம். இந்த இன்ஜினுக்கு கிராங்க்கை உச்சிப் புள்ளியில் நிறுத்த பிளாக்கில் சொருகும் ஒரு பின், கேம் சக்கரத்தின் துளை வழியாக ஹெட்டுக்குள் போகும் ஒரு பின், இரண்டும் வேண்டும். டீசல் பம்ப் சக்கரத்தின் குறியும் அதற்குரிய இடத்தில் நிற்க வேண்டும். "பின் எல்லாம் எதுக்கு சார், பெயின்ட்ல மார்க் போட்டுக்குவேன்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தள்ளி நின்றிருந்தால் பெயின்ட் மார்க் அந்தப் பிழையை அப்படியே நகலெடுக்கும். பின்னோ அந்த நிலையில் உள்ளே இறங்கவே இறங்காது, பிழை அப்போதே தெரிந்துவிடும்.

அந்தப் பின்கள் இடம் காட்டுவதற்கு, தாங்குவதற்கு அல்ல. பின்னைச் சொருகி வைத்துக்கொண்டு அதன் பலத்தில் கிராங்க் போல்ட்டைத் திருகினால் பின் வளையும், டைமிங் நகரும். செல்ஃப் அடித்து கிராங்க் போல்ட்டை இளக்கும் குறுக்குவழியும் வேண்டாம். புது பெல்ட்டை மடக்கவோ, முறுக்கவோ, உள்ளே வெளியே திருப்பவோ, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றவோ கூடாது. கண்ணாடியிழை ஒரு முறை கூர்மையாக மடங்கினால் அந்த இடத்தில் முறிந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. டென்ஷனரில் நகரும் முள் ஒன்றும் நிலையான குறி ஒன்றும் இருக்கும். ஆலன் கீயால் திருப்பி முள்ளைக் குறிக்கு நேராகக் கொண்டுவந்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து டென்ஷன் வைப்பது இங்கே செல்லாது. பிறகு பின்களை எடுத்துவிட்டு, கிராங்க்கை ஸ்பானரால் அது ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி பின்களைச் சொருகிப் பார்க்க வேண்டும். இரண்டும் தடையில்லாமல் இறங்கி, முள்ளும் குறியில் நின்றால்தான் கவரை மூடலாம். சுற்றும்போது எங்காவது கெட்டியாகத் தட்டினால் அழுத்தக் கூடாது, அது வால்வு பிஸ்டனைத் தொடும் இடமாக இருக்கலாம். கிராங்க் போல்ட் ஒரு முறை நீண்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாத வகை, புதிது போட வேண்டும். பம்ப் மாற்றியதால் கூலன்ட்டும் புதிது, கம்பெனி சொன்ன வகை, காற்று முழுக்க வெளியேறும்வரை விட்டுப் பிடிக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் முதல் நாளே டெம்பரேச்சர் ஏறும்.

கிட் வாங்கும்போது கேட்ஸ், கான்டிடெக், டேகோ, ஐஎன்ஏ, எஸ்கேஎஃப் போன்ற பெயர்களோ ரெனோவின் சொந்தப் பெட்டியோ எதுவும் பரவாயில்லை. போலிதான் பிரச்சினை. வழக்கத்தைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அதுவே பதில். அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும் பெல்ட் முதுகில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடையில் நாலைந்து வருஷம் கிடந்த பெல்ட்டை நான் வாங்க மாட்டேன். ஆணியில் தொங்கவிட்டு விற்கும் பெல்ட்டை எந்த வருஷமாக இருந்தாலும் வாங்க மாட்டேன். எஸ்டிமேட்டில் கிட், ஃபேன் பெல்ட், கூலன்ட், போல்ட், கூலி என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். "டைமிங் வேலை, மொத்தம் இவ்வளவு" என்ற ஒற்றை வரியில் பம்ப் சேர்ந்ததா இல்லையா என்பது வண்டியை எடுக்கும்போதுதான் தெரியவரும்.

வேலைக்குத் தேதி கிடைக்கும்வரை வண்டி ஓட்டலாமா என்றால், ஆபீசுக்குப் போய்வருவதில் நானாக இருந்தால் தயங்க மாட்டேன், மலை ஏறவோ ஊருக்கு நீண்ட தூரம் போகவோ மாட்டேன். பேட்டரி போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிளட்ச்சைச் சட்டென்று விடும்போது விழும் அந்த ஒரு உதறல் பழைய பெல்ட்டுக்குப் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று அணைந்து, மறுபடி செல்ஃப் அடித்தால் வழக்கமான முக்கல் இல்லாமல் இன்ஜின் லேசாக, வேகமாக "விர்ர்" என்று சுற்றினால், கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம், பெல்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது முறை சாவியைத் திருப்பாதீர்கள். அப்போது தப்பிய வால்வு இருந்தால் அதுவும் வளையும். நியூட்ரலில் போட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பெல்ட்டைக் குப்பையில் போடச் சொல்லாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படித்தால் இன்ஜினைப் பற்றிப் பல விஷயம் சொல்லும். வெளிச்சத்தில் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ ஒரு சக்கரம் நேராக இல்லை, டென்ஷனர் உட்காரும் இடத்தையோ பம்ப் ஷாஃப்ட்டையோ பார்க்க வேண்டும், புது பெல்ட்டும் அதே வழியில்தான் போகும். பல்லிடுக்குகளில் துணி பளபளவென்று தேய்ந்திருந்தால் டென்ஷன் அதிகமாக வைக்கப்பட்டிருந்தது. சில பற்களின் அடியில் மட்டும் பிளவு என்றால் ஏதோ ஒன்று இடையிடையே இறுகியிருக்கிறது, பழைய பம்ப்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் சீல். முதுகில் தயாரிப்புத் தேதி இன்னும் தெரிந்தால் அது முதல் பெல்ட்டா, நடுவில் யாராவது மாற்றினார்களா என்பதும் தெரிந்துவிடும். அது 2015க்குப் பிந்தைய தேதியாக இருந்தால் பழைய ஓனர் செலவு செய்திருக்கிறார் என்று அர்த்தம், மற்ற வேலைகளைப் பற்றியும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். மாற்றிய தேதி, மீட்டர் எண், கிட்டின் பார்ட் நம்பர் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மேல் கவரிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.